சந்துக்கு எத்தனை டன் தார்

கரங்வுனி, சலத்திகா
வெள்ளிக்கிழமை காலை, மழை விட்ட நேரம்

அன்பு மகன் தாமருக்கு,

அம்மா எழுதுகிறேன். சலாம். இறைவன் அருளால் அப்பா, உன் தங்கை ராத்ரி, நான், முட்டையிடுவதை நிறுத்திவிட்ட இரண்டு வாத்துகள் எல்லோரும் இங்கே சுகமாக இருக்கிறோம். அங்கே ரோட்டர்டாமில் நீயும் உன் சைக்கிளும் பனியில் சறுக்காமல் நிமிர்ந்தே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தினமும் வீடியோவில் முகம் பார்க்கிறோமே, இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். காரணம் இருக்கிறது. வீடியோவில் உன்னோடு பேசும்போது உன் அப்பா என் பின்னால் நிற்கிறார், ஒலிபெருக்கியை வேறு போட்டுவிடுகிறார், நான் பேசுவது மூன்றாவது வீட்டு அம்மாள் பு நிங்ரும் வரை கேட்கிறது. இது அப்பாவைப் பற்றியும் பு நிங்ரும்மைப் பற்றியும் உள்ள விஷயம். ஆகவே காகிதம்தான் உத்தமம். கடிதத்தைக் கொண்டுவருகிறவர் பு நிங்ரும்மின் மருமகன் என்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால் கவரைப் பசை தடவி ஒட்டி, மேலே டேப்பும் ஒட்டி, வேர்க்கடலைச் சம்பல் பொட்டலத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ராத்ரியை நிச்சயம் செய்ய மாப்பிள்ளை பயுவின் வீட்டார் செமாராங்கிலிருந்து வந்தபோது என்ன நடந்தது என்று உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. மழை நாள். நம் சந்தின் கடைசி வீடு நம்முடையது, அதற்கு முன்னால் இருக்கும் களிமண் ஏற்றம் மழையில் எப்படி ஆகும் என்பது உனக்குத் தெரியும், பள்ளிச் சீருடையோடு அதில் எத்தனை முறை உட்கார்ந்திருக்கிறாய். பயுவின் அம்மா பு ரஹாயு குதிகால் உயர்ந்த செருப்பு, பட்டுக் கெபாயா ரவிக்கை, கையில் வஜிக் இனிப்புத் தட்டு இவற்றோடு நம் வாசலுக்கு எதிரே வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். தட்டு மட்டும் கடைசி வரை சாயவில்லை, அந்த வகையில் பயிற்சி உள்ள பெண்மணிதான். சேற்றில் உட்கார்ந்தபடியே சிரித்த முகத்தோடு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, உங்க ஊர் மண்ணு ரொம்ப மிருதுவா இருக்கு" என்றார். நாங்களும், "மழைக்காலத்துல கொஞ்சம் அப்படித்தாங்க இருக்கும்" என்று சொல்லி அவரைத் தூக்கினோம். விழுந்த விஷயத்தை அன்று யாருமே பேசவில்லை. அவர் என் கைலியைக் கட்டிக்கொண்டு வீடு திரும்பினார். அதற்கடுத்த வாரம் அவரிடமிருந்து மிக மரியாதையான ஒரு செய்தி வந்தது. செமாராங்கில் நல்ல மண்டபம் ஒன்று இருக்கிறதாம், குளிர்சாதன வசதி இருக்கிறதாம், தரை பளிங்காம், கல்யாணத்தை அங்கே வைத்தால் எல்லோருக்கும் சௌகரியம் என்று அவருக்குத் தோன்றுகிறதாம். அப்பா அதை இரண்டு முறை படித்துவிட்டு, "பொண்ணோட கல்யாணம் பொண்ணு வீட்டு வாசல்லதான். அதுக்குள்ள நம்ம வாசல் வரைக்கும் ரோடு வந்துடும்னு எழுது" என்றார். எந்த ரோடு என்று கேட்டேன். "போடப்போற ரோடு" என்றார். ராத்ரி, "நான் ரோட்டுலயே வேணாலும் தாலி கட்டி... சேச்சே, நிக்காஹ் பண்ணிக்கிறேன், ஆள விடுங்க" என்று எழுந்து போய்விட்டாள். பக்கத்தில் தமிழர் குடும்பம் நடத்தும் துணிக்கடையில் அவள் வேலை செய்வதால் வார்த்தைகள் இப்படிக் கலந்து வருகின்றன, கண்டுகொள்ளாதே.

போடப்போற ரோடு என்று அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. நம்முடையதைப் போன்ற கம்போங் குடியிருப்புகளின் சந்துகளுக்குத் தார் போட மாவட்டத்தில் ஒரு திட்டம் வந்திருந்தது. கல் பரப்புவதும் ஆள் போட்டு வேலை செய்வதும் நம் பொறுப்பு, தார்க்கலவையைச் சுடச்சுட அவர்கள் லாரியில் அனுப்புவார்கள். எத்தனை டன் வேண்டும் என்று நாமே கணக்குப் போட்டுக் கேட்க வேண்டும், ஒரே ஒரு முறைதான் கேட்க முடியும். கேட்டது வரும், குறைந்துபோனால் மறுபடியும் வராது. தெருத்தலைவர் பாக் ஸப்தோ கூட்டத்தில் இதைச் சொன்னதும் எல்லோரும் உன் அப்பாவைப் பார்த்தார்கள். முப்பது வருடம் அரசு அலுவலகத்தில் சந்தைத் தராசுகளையும் படிக்கற்களையும் சோதித்து முத்திரை குத்தியவர், எடை என்று வந்தால் அவரை விட்டுவிட்டு வேறு யாரைப் பார்ப்பார்கள்? பு நிங்ரும் மட்டும், "தாமர் பாலம் கட்டுற இன்ஜினியர்தானே, ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே" என்றாள். அதற்கு அப்பா மிகவும் சாந்தமாக, "அவன் கட்டுறது தண்ணி மேல. இது தரை" என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிட்டார். ஓய்வு பெற்ற பிறகு அவர் முதுகு இவ்வளவு நேராக இருந்து நான் பார்த்ததே இல்லை. பிப்ரவரியிலிருந்து தினமும் காலையில் அடுப்படிக்கு வந்து சர்க்கரை டப்பாவைக் கையில் தூக்கி எடை சொல்லிக்கொண்டிருந்த மனிதர், ஒரே நாளில் டப்பாவை மறந்துவிட்டார்.

இது என்ன கணக்கு என்று எனக்கும் பாடம் எடுத்தார், பூகோள டீச்சர் என்றால் மேடு பள்ளம் மட்டும்தான் தெரியும் என்று அவருக்கு நினைப்பு. நீளத்தை அகலத்தால் பெருக்கு, கனத்தால் பெருக்கு, கன மீட்டர் வரும். கன மீட்டர் ஒன்றுக்கு அழுத்திய தார்க்கலவை இரண்டு டன்னுக்கு மேல், இரண்டு புள்ளி மூன்று என்று வைத்துக்கொள்ளலாம். ஓரத்தில் வழிவது, மண்வெட்டியில் ஒட்டுவது, எட்டிப் பார்க்கிறவர்கள் செருப்பில் அப்பிக்கொண்டு போவது எல்லாவற்றுக்கும் சேர்த்து நூற்றுக்கு ஐந்து. நம் சந்து அகலம் இரண்டு மீட்டர், கனம் மூன்று சென்டிமீட்டர். நீளம் மட்டும்தான் அளக்க வேண்டும். அது மட்டும்தான் என்று சொன்னார் பார், சிக்கல் அங்கேதான்.

அளக்கப் போன ஞாயிற்றுக்கிழமை துலுஸின் மகனுக்குச் சுன்னத்து விருந்து. சந்து நடுவில் சிவப்பும் மஞ்சளுமாகப் பந்தல் போட்டு வழியை முழுக்க அடைத்திருந்தார்கள். நம் ஊரில் விருந்து என்றால் ரோடு அவர்களுடையது, வண்டிகள் சுற்றிக்கொண்டு போகும், இதில் யாருக்கும் கோபம் வராது. துலுஸ் யார் என்று நினைவிருக்கிறதா? உனக்குப் பட்டம் செய்யக் கற்றுக்கொடுத்தவன், இப்போது தார்க்கலவை ஆலையில் லாரி நிரப்பும் மேற்பார்வையாளன். அப்பா டேப்பின் ஒரு முனையையும் பாக் ஸப்தோ மறுமுனையையும் பிடித்து சந்து வாயிலிருந்து அளந்துகொண்டே பந்தல் ஓரம் வரை வந்திருக்கிறார்கள். விருந்து நடக்கும் பந்தலுக்குள் டேப்பை நீட்டிக்கொண்டு போவது எப்படி? சாப்பிடுகிறவர்கள் காலுக்கு நடுவில் அளப்பது எந்த ஊர் மரியாதை? டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, தலைமுடியைக் கையால் வாரிக்கொண்டு உள்ளே போயிருக்கிறார்கள். துலுஸ் விடுவானா? "பாக், வாசல் வரைக்கும் வந்துட்டு சாப்பிடாம போனா என் பையன் காயம் ஆறாது" என்று உட்கார வைத்துவிட்டான். சோத்தோ சூப்பு, கோழி ரெண்டாங் கறி, கிரூப்புக் அப்பளம், அதன் மேல் இரண்டாவது முறை சோத்தோ. பையனுக்கு ஆசி சொல்லி, துலுஸின் மாமனாருக்குக் கை கொடுத்து, பாட்டுக்காரியின் பாட்டில் பாதியைக் கேட்டு, பந்தலின் மறுபக்கமாக வெளியே வந்து, அங்கிருந்து டேப்பை மறுபடியும் நீட்டி நம் வாசல் வரை அளந்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் வயிறு நிறைந்திருந்தது. பந்தலின் நீளம் அவர்களோடு சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தது, எழுந்திருக்கவே இல்லை.

மறுநாள் காவல் குடில் பலகையில் அப்பா சாக்குக்கட்டியால் எழுதினார்: நீளம் நூற்றறுபது, அகலம் இரண்டு, கனம் மூன்று. அவர் கையெழுத்து அலுவலக முத்திரை போல இருக்கும், உனக்குத் தெரியும். டன் கணக்கை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி பாக் ஸப்தோவிடம் கொடுத்துவிட்டார். நான் காய்கறி வாங்கப் போகும்போது பலகையைப் பார்த்தேன், கால் அங்கேயே நின்றுவிட்டது. சுதந்திர தினச் சாக்கு ஓட்டத்துக்கு விசில் ஊதுகிறவள் நான். சந்து வாயிலிருந்து நம் வாசல் வரை நூற்றெண்பது மீட்டர் என்பது இந்தக் கம்போங்கில் பல் முளைத்த எல்லோருக்கும் தெரியும். இருபது மீட்டரைக் காணோம். இருபது மீட்டர் குறைந்தால் ரோடு எங்கே நிற்கும்? சந்து வாயிலிருந்து போட்டுக்கொண்டு வந்தால் சரியாக அந்தக் களிமண் ஏற்றத்துக்குக் கீழே நிற்கும். பு ரஹாயு எங்கே உட்கார்ந்தாரோ அங்கேயிருந்து வெறும் கல். கல்யாணம் செமாராங் பளிங்குத் தரைக்குப் போய்விடும். அதைவிட, முப்பது வருடம் ஊரார் தராசிலெல்லாம் குறை கண்டுபிடித்த மனிதரின் கணக்கு ஊர் நடுவில் குறைந்து நிற்கும். சர்க்கரை டப்பாவுக்குக்கூட அவர் திரும்பமாட்டார் என்று பயந்தேன்.

நேரே சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய், டச்சுக்காரர்களோடு இருந்து இருந்து உனக்கு அப்படித்தான் தோன்றும். இங்கே ஒருவர் கணக்கைத் தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்வது அவர் வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போவதைப் போல. ஆனாலும் முயன்று பார்த்தேன். காலைத் தேநீரின்போது, "துலுஸ் வீட்டுப் பந்தல் ரொம்ப நீளமோ?" என்று கேட்டேன். "நீளந்தான். ஆனா ரெண்டாங்ல உப்பு கம்மி" என்றார். இதற்கு மேல் ஒரு மனைவி எவ்வளவு வெளிப்படையாகப் பேச முடியும்? அதனால் ஒரு கூடை மாம்பழத்தை எடுத்துக்கொண்டு பாக் ஸப்தோ வீட்டுக்குப் போனேன். மாம்பழத்தைப் பற்றி வெகுநேரம் பேசினோம். இந்த வருடம் காய் பெரிதாக இருந்தாலும் சில காய் பார்க்கிறதைவிட எடை குறைகிறது என்றேன். அவர் தலையாட்டி, "ஆமா பு, சில நேரம் அப்படித்தான். கொஞ்சம் சேர்த்து வாங்கிட்டா மனசுக்கு நிம்மதி" என்றார். வெளியே வந்த பிறகுதான், இவர் நிஜமாகவே மாம்பழத்தைத்தான் சொன்னாரோ என்ற சந்தேகம் வந்தது. அதனால் பு நிங்ரும் வீட்டுக்குப் போனேன். அவள்தான் கம்போங் செயலாளர், மனுவைக் கணினியில் அடித்துக்கொண்டிருந்தாள். அங்கே மழையைப் பற்றிப் பேசினேன், களிமண்ணைப் பற்றிப் பேசினேன். என் கையைத் தட்டிக்கொடுத்து, "கவலைப்படாதீங்க பு, மழை எவ்வளவு பெய்யணுமோ அவ்வளவும் பெய்யும், அதுக்கு மேலயும் பெய்யும்" என்றாள். இது ஆறுதலா, வானிலை அறிக்கையா என்று எனக்குப் புரியவில்லை. அதனால் துலுஸ் வீட்டுக்கும் போனேன். பையன் காயம் ஆறிவிட்டதா என்று விசாரித்து, பந்தல் அழகாக இருந்தது, எவ்வளவு பெரிய பந்தல் என்று மட்டும் சொன்னேன். துலுஸின் முகம் சிவந்துவிட்டது. "பு, தப்பு என் பந்தல் மேலதான்" என்று சொல்ல வாயெடுத்தவனை அவன் மனைவி காலால் இடித்தாள். ஆக மூன்று வீட்டில் மூன்று முறை ஒன்றுமே சொல்லாமல் வந்து சேர்ந்தேன்.

தார் போடும் நாளும் வந்தது, போன வாரச் சனிக்கிழமை. வானம் நன்றாக வெளுத்திருந்தது. கம்போங் ஆண்கள் எல்லோரும் மண்வெட்டியும் வாருகோலுமாக இறங்கினார்கள், பெண்கள் நாங்கள் காவல் குடிலில் சோறு வடித்து, சோயாத் தெம்பே வில்லைகளைப் பொரித்துக்கொண்டிருந்தோம். முதல் லாரி பின்பக்கம் தூக்கிக் கொட்டியபோது கிளம்பிய ஆவியில் பாக் ஸப்தோ ஒரு நிமிடம் காணாமல் போய், மறுபடியும் கண்ணாடி மங்கி வெளியே வந்தார். அப்பா ஒரு மூங்கில் குச்சியில் கோடு போட்டு வைத்துக்கொண்டு இரண்டடிக்கு ஒரு முறை தாரில் குத்திக் கனம் பார்த்தார். கோட்டுக்கு மேலே போனால், "வழிச்சு எடு", கீழே போனால், "போடு", வேறு பேச்சே இல்லை. வாடகை ரோலர் ஓட்டியவன் வெளியூர்க்காரன், "பெரியவரே, ரோடு போடுறீங்களா, ஊசி போடுறீங்களா?" என்று கேட்டான். முதல் லாரி பந்தல் நின்ற இடத்தைத் தாண்டவில்லை, இரண்டாவது லாரி தாண்டிவிட்டது, மூன்றாவது லாரி கொட்டக் கொட்ட நான் கரண்டியைப் போட்டுவிட்டு நம் வாசலுக்கு ஓடினேன். களிமண் ஏற்றம் கருப்பாக மாறிக்கொண்டே மேலே வந்தது. நம் கதவு வரை வந்தது. நம் கதவைத் தொட்டது. ரோலர் அதன் மேல் ஏறி இறங்கியபோது லாரியில் மிஞ்சியிருந்தது இரண்டு கூடைதான். யாரோ கைதட்டினார்கள். அப்பா குச்சியைத் துடைத்துச் சட்டைப்பையில் பேனாவைப் போலச் செருகிக்கொண்டார். எனக்குக் கண் கரித்தது, தார்ப்புகைதான் என்று வைத்துக்கொள்.

அப்போதுதான் சந்து வாயில் லாரி ஹாரன் கேட்டது. நான்காவது லாரி. நிறைய. எல்லோரும் அதைப் பார்த்தோம், பிறகு பாக் ஸப்தோ வானத்தைப் பார்த்தார், பு நிங்ரும் தெம்பேயைப் பார்த்தாள், துலுஸ் தன் செருப்பைப் பார்த்தான். ரோலர்காரன் மட்டும் நம் பழக்கம் தெரியாதவன், இறங்கி இடுப்பில் கை வைத்து, "யாருய்யா இந்தக் கணக்கு போட்டது? இதுல இன்னொரு ஊருக்கே ரோடு போடலாமே!" என்று கத்தினான். சூடான கலவை காத்திருக்காது தாமர், ஆறிவிட்டால் லாரிக்குள்ளேயே பாறையாகிவிடும், திருப்பி அனுப்பவும் வழியில்லை. ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். தொழுகைக் கூடத்து முற்றம், பூப்பந்து மைதானம், பு நிங்ரும்மின் கோழிக்கூட்டுத் தரை. ரோலர்காரன், "இது மேலயே இன்னொரு வாட்டி கனமா போட்டு அமுக்கிட்டா தீர்ந்துச்சு" என்றான். அப்பா, "மூணு சென்டின்னா மூணு சென்டிதான்" என்றார், யாரோ தன் தாயைப் பழித்துவிட்டதைப் போல முகத்தை வைத்துக்கொண்டு. பிறகு கையை நீட்டி, "கீழ போங்க" என்றார்.

கீழே என்றால் நம் வீட்டைத் தாண்டி கலிஸாரி கம்போங்குக்கு இறங்கும் பாதை. எழுபது மீட்டர் இருக்கும். நீ பள்ளிக்கூடம் போன காலத்திலேயே கல் பரப்பிவிட்டு, தார் போடுவது உங்கள் பொறுப்பு என்று நாமும் உங்கள் பொறுப்பு என்று அவர்களும் மிக மரியாதையாகக் கடிதம் எழுதிக்கொண்டு விட்டுவிட்ட பாதை. அதில் புல் முளைத்து ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. "அது அவங்க பாதையாச்சே" என்று பாக் ஸப்தோ இழுத்தார். "தாரு நம்மளது, சரிவு அவங்களது, உருண்டு போச்சுன்னு சொல்லிக்கலாம்" என்றார் அப்பா. லாரி நம் வாசலைத் தாண்டி பின்பக்கமாக இறங்கியது. ஆடு விலகவில்லை, ஆட்டை விலக்க கலிஸாரிக்காரர் ஒருவர் ஓடி வந்தார், வந்தவர் தாரைப் பார்த்தார், வந்த வேகத்தில் திரும்பி ஓடி மண்வெட்டியோடும் பத்துப் பேரோடும் வந்தார். "கரங்வுனிக்காரங்க என்ன, எங்களுக்கு ரோடு போடுறீங்களா?" என்று ஒருவர் சந்தேகத்தோடு கேட்டார். "இல்லீங்க, உங்களப் பாக்க வர்றோம்" என்றான் துலுஸ். அதன் பிறகு அவர்களும் நாமும் எதிரும் புதிருமாக நின்று தாரை இழுத்தோம், அவர்கள் பெண்கள் நம் தெம்பேயைவிடத் தங்கள் தெம்பே மொறுமொறுப்பானது என்று காட்டுவதற்காகத் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்தார்கள், உண்மையில் கொஞ்சம் மொறுமொறுப்புத்தான், ஆனால் பு நிங்ரும்மிடம் இதைச் சொல்லிவிடாதே. கடைசியில் கலிஸாரி ரோட்டைத் தொட நாலைந்து மீட்டர் இருக்கும்போது தார் தீர்ந்துவிட்டது. அவர்கள் ரோஷக்காரர்கள் இல்லையா, மறுநாளே அந்த இடத்தை சிமெண்ட் போட்டு அடைத்துவிட்டார்கள். கருப்பு ரோட்டின் முடிவில் வெள்ளையாக, கட்டின பல்லைப் போல நிற்கிறது.

செவ்வாய்க்கிழமை பு ரஹாயு தானாகவே வந்தார். கைலியைத் திருப்பிக் கொடுக்க வந்ததாகச் சொன்னார். அதே குதிகால் செருப்பு. காரைச் சந்து வாயில் நிறுத்தச் சொல்லிவிட்டு நடந்தே வந்தார், ஏற்றத்துக்கு வந்ததும் கொஞ்சம் மெதுவாகி, காலால் தட்டிப் பார்த்து, ஏறினார். வாசலில் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம், ஆனாலும் திரும்பி இறங்கி இன்னொரு முறை ஏறி வந்தார். உள்ளே வந்து தேநீர் குடித்து, "உங்க ஊர்ல மழை நல்லா பெய்யுமில்ல?" என்றார். "கல்யாண மாசத்துல கொட்டும்" என்றார் அப்பா பெருமையாக. பு ரஹாயு கடைசி மடக்கைக் குடித்து, கோப்பையை வைத்து, "அப்ப பந்தல் நல்ல பெரிசா போடணும்" என்றார். இதுதான் சம்மதம். பளிங்கு மண்டபம் என்ற சொல்லை அவரும் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை, அப்படி ஒரு மண்டபம் செமாராங்கில் கட்டப்பட்டதே இல்லை என்று ஆகிவிட்டது. ராத்ரி சமையலறையில் தட்டை உடைத்தாள், சந்தோஷத்தில்தான் என்று நினைக்கிறேன்.

அன்று அவர் போன பிறகு அப்பா புது ரோட்டைப் பார்த்தபடி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நான் வெற்றிலையோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். சாதாரணமாக, "ஒம்போது டன்னு அதிகம்" என்றார். நான் ஒன்றும் தெரியாதவளாக, அப்படியா என்றேன். "மூணு மூணா ஒம்போது. இருபது மீட்டருக்கு மூணு டன்னு. ஸப்தோ மூணு, நிங்ரும் மூணு, துலுஸ் மூணு. நாலாவது லாரி வந்தப்ப அவங்கவங்க மூஞ்சிலேயே எழுதியிருந்துச்சு. துலுஸ் முதலாளிகிட்ட, பையன் விருந்துக்கு எனக்கு மொய் செய்யுங்கன்னு சொல்லி மூணு டன்னு தாரா வாங்கியிருக்கான், தெரியுமா? நீ எத்தன டன்னு போட்ட?" என்று கேட்டார். நான் டன் எதுவும் போடவில்லை, மாம்பழம்தான் கொடுத்தேன் என்றேன். "அதுதான் எல்லாத்துலயும் கனம்" என்றார். பந்தல் நீளம் விட்டுப்போனது அன்றைக்கே சாயங்காலம் அவருக்குத் தெரிந்துவிட்டதாம். துண்டுச் சீட்டில் எழுதியது நூற்றெண்பதுக்கான கணக்கு, இருபத்தாறு டன், சரியான கணக்கு. அப்படியானால் பலகையில் ஏன் நூற்றறுபது என்று எழுதினீர்கள் என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது. "டேப்போட மறுமுனைய பிடிச்சது ஸப்தோ. ரெண்டு பேரும் அளந்து சொன்ன நீளத்த நான் மட்டும் மாத்தி எழுதினா, தெருத்தலைவருக்கு டேப்பு பிடிக்கத் தெரியலன்னு ஊருக்கே சொன்ன மாதிரி ஆயிடாதா? அதனால நீளத்த விட்டுட்டு டன்ன சரி பண்ணினேன். யாராவது பெருக்கிப் பாத்திருந்தா புரிஞ்சிருக்கும்" என்றார். யாரும் பெருக்கவில்லை, தாமர். எடை ஆபீஸ் பாக் பிரயித்னோ என்ற உன் அப்பாவின் பெருக்கலைச் சரிபார்ப்பதா, அது எவ்வளவு பெரிய அவமரியாதை! நீளத்தை மட்டும் பார்த்து ஆளுக்கு மூன்று டன்னைச் சத்தமில்லாமல் சேர்த்திருக்கிறார்கள். பிறகு ஏன் அவர்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "என் மானத்துக்காக மூணு பேர் இவ்வளவு கஷ்டப்பட்டு திருட்டுத்தனம் பண்ணியிருக்காங்க பு. அது அனாவசியம்னு எப்படி சொல்றது?" என்றார். முப்பத்திரண்டு வருடமாக இவரோடு குடித்தனம் செய்கிறேன், இவர் முட்டாள் என்று நான் முடிவு கட்டும் ஒவ்வொரு முறையும் இப்படி எதையாவது செய்து கெடுத்துவிடுகிறார்.

ஆகவே உனக்கு உத்தரவு இதுதான். அப்பா வீடியோவில் மறுபடி மறுபடி ரோட்டைக் காட்டுவார், கேமராவைத் தரையோடு தரையாக வைத்துக் காட்டுவார். நன்றாக இருக்கிறது என்று சொல். நீளம் அகலம் கேட்காதே, கேட்டாலும் பெருக்காதே. பாக் ஸப்தோ பின்னால் நின்றால், கொஞ்சம் அதிகமாகவே கேட்டது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று பொதுவாக வானத்தைப் பார்த்துச் சொல், அவர் புரிந்துகொள்வார். கம்பளிச் சட்டை போடாமல் சைக்கிளில் போகாதே. ரொட்டியைக் குளிர்ந்தபடியே தின்கிறாய் என்று ராத்ரி சொன்னாள், அது சாப்பாடே இல்லை, ஒரு கைப்பிடி அரிசி போட எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு கம்போங்கும் ஒட்டிக்கொண்டதில் இப்போது காலையிலிருந்து மாலை வரை நம் வாசலில் மோட்டார் சைக்கிள்கள் ஓடுகின்றன, வாத்துகள் முட்டையிடாததற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன், அப்பாவிடம் இதையும் சொல்லாதே. போகிற வருகிற கலிஸாரிக்காரர்கள் எல்லோரும், "பாக், ரோடு அருமை!" என்று கத்திக்கொண்டு போகிறார்கள், அவரும் கத்தியைக் கூர் தீட்டுகிறவரைப் போல வேலையில் இருக்கும் பாவனையில் தலையை மட்டும் ஆட்டுகிறார். சர்க்கரை டப்பாவை நானே ஒரு நாள் அவர் கையில் கொடுத்துப் பார்த்தேன். "எனக்கு நேரமில்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நேரமில்லாததற்குக் காரணம், கல்யாணச் சாப்பாட்டுக்கு அரிசி எத்தனை கிலோ என்று கணக்குப் போடும் பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டார். நானூறு பேர், ஆளுக்கு நூறு கிராம், சிந்துவதற்கு நூற்றுக்கு ஐந்து, ஆக நாற்பத்திரண்டு கிலோ என்று வாசலில் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டார். கலிஸாரியை அழைக்காமல் இருக்க முடியாது என்பது அவருக்கு இன்னும் நினைவு வரவில்லை என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். நேற்று பாக் ஸப்தோ வந்து இந்த வருட அறுவடையைப் பற்றிக் காரணமில்லாமல் வெகுநேரம் பேசிவிட்டுப் போனார். இன்று காலையில் பு நிங்ரும் என்னிடம் பெரிய அண்டா இருக்கிறதா என்று கேட்டாள், எதற்கு என்று சொல்லவில்லை. துலுஸ் அரிசி மில்லுக்குள் நுழைந்ததை ராத்ரி பார்த்திருக்கிறாள். நானும் சும்மா இருக்கவில்லை, கட்டிலுக்கடியில் ஒரு மூட்டை இருக்கிறது. அப்பாவும் எங்கேயோ ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறார் என்று அவர் சட்டையில் இருக்கும் தவிட்டைப் பார்த்தாலே தெரிகிறது.

இறைவன் உனக்கு நல்ல உடலும் நல்ல மனமும் வழுக்காத பாதையும் தரட்டும். கல்யாணத்துக்கு விடுமுறை கேட்டுவிட்டாயா? இல்லையென்றால் இந்தக் கடிதத்தை மடிக்கும் முன் போய்க் கேள். தனியாக வராதே, உன் அலுவலக நண்பர்களையும் அழைத்து வா, எத்தனை பேரானாலும் சரி. விமானத்தில் கொடுக்கும் எதையும் சாப்பிட வேண்டாம்.

எப்போதும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா

(கடிதத்தை அப்பா பார்க்கவில்லை. ஆனால் ஒட்டுவதற்கு முன் கவரைக் கையில் தூக்கிப் பார்த்து எடை சொன்னார்.)